தொலைந்துபோன சரக்குக் கால்வாயைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

தண்ணீர் சாய்வாக நிற்காது. இந்த ஒரு விஷயத்தை மனதில் இருத்திக்கொண்டால், 200 வருடங்களுக்கு முன் வெட்டி, 100 வருடங்களுக்கு முன் தூர்ந்துபோன ஒரு கால்வாயை இன்றைக்கும் தேடிப் பிடித்துவிடலாம். ஆறு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். பாசன வாய்க்காலும் மெல்ல மெல்லச் சரிந்தபடிதான் போகும். நிலக்கரி, இரும்பு, சுண்ணாம்புக்கல் ஏற்றிய படகுகள் போய்வருவதற்காக வெட்டிய கால்வாய் அப்படியில்லை. அது மைல் கணக்கில் ஒரே மட்டத்தில் போகும். மட்டம் மாற வேண்டிய இடத்தில் மட்டும் படிக்கட்டு மாதிரி சட்டென்று ஏறும், அல்லது இறங்கும். மேலே உழுதாலும், ரோடு போட்டாலும், வீடு கட்டினாலும் அந்த மட்டத்தின் சாயல் எங்கேயாவது மிச்சம் இருக்கும். கீழே சொல்லப்போகும் எல்லா வேலைகளுக்கும் அடிப்படை இதுதான்.

எதைத் தேடுகிறோம்?

கிளம்புவதற்கு முன் ஒரு கால்வாயின் உறுப்புகள் என்னென்ன என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் மிச்சம் கண்ணெதிரே கிடந்தாலும் தாண்டிப் போய்விடுவோம்.

நடுவில் தண்ணீர் நிற்கும் பள்ளம். அதன் ஒரு பக்கத்தில் மட்டும் படகை இழுக்கும் குதிரை நடந்துபோன பாதை. தண்ணீரில் மிதக்கும் சரக்கு எவ்வளவு லேசாக நகரும் என்றால், 25 டன் ஏற்றிய படகை ஒரே குதிரை இழுத்துக்கொண்டு போனது. அதே குதிரை மண் ரோட்டில் வண்டி கட்டி இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட நகர்த்த முடியாது. கால்வாய்களுக்கு அத்தனை பணம் கொட்டியதன் காரணம் இதுதான். வொர்ஸ்லி சுரங்கத்து நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுபோக 1761-இல் திறந்த பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் அந்த ஊரில் நிலக்கரி விலையைப் பாதியாக்கியது. அதைப் பார்த்துத்தான் இங்கிலாந்து முழுக்க ஆளாளுக்குக் கால்வாய் வெட்ட ஆரம்பித்தார்கள்.

மட்டம் மாறும் இடத்தில் இருப்பது லாக். இரண்டு பக்கமும் கதவு வைத்த கல்தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். படகு உள்ளே வந்ததும் கதவைச் சாத்தித் தண்ணீரை விட்டால் படகு மேலே ஏறும், தண்ணீரை வடித்தால் கீழே இறங்கும். பள்ளத்தாக்கைக் கடக்க மண்கரை எழுப்பினார்கள், அல்லது தொட்டிப்பாலம் கட்டினார்கள். குன்று குறுக்கே வந்தால் ஆழமாக வெட்டினார்கள், அல்லது சுரங்கம் குடைந்தார்கள். ஒவ்வொரு முறை லாக்கைத் திறக்கும்போதும் ஒரு தொட்டித் தண்ணீர் கீழே போய்விடும். அதை ஈடுகட்ட, மேட்டில் ஒரு நீர்த்தேக்கமும் அங்கிருந்து வரும் ஊட்டு வாய்க்காலும் இருந்தாக வேண்டும். கால்வாயே அழிந்துபோன பல இடங்களில் அந்த நீர்த்தேக்கம் மட்டும் பூங்கா ஏரியாகத் தப்பியிருக்கிறது. லண்டனின் தெற்கே குரோய்டன் கால்வாய்க்குத் தண்ணீர் தந்த தேக்கம்தான் இன்றைய சௌத் நார்வுட் ஏரி.

எப்படித் தொலைந்தது என்று கேளுங்கள்

இந்தக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. கால்வாய் எப்படி மூடப்பட்டதோ, அதைப் பொறுத்துத்தான் மிச்சம் எங்கே இருக்கும் என்பது தெரியும்.

கால்வாய்க்குக் கிடைத்த சமதள நிலம் ரயிலுக்கும் தோது. அதனால் ரயில் கம்பெனிகள் கால்வாயை வாங்கி, அதன் மேலேயே தண்டவாளம் போட்டன. 1809-இல் திறந்த குரோய்டன் கால்வாய் 1836-இல் மூடப்பட்டு, 1839-இல் அதன் தடத்தின் பெரும்பகுதியில் ரயில் ஓட ஆரம்பித்தது. அமெரிக்காவின் நியூவர்க்கில் மோரிஸ் கால்வாயின் பள்ளத்துக்குள்ளேயே 1935-இல் நகர ரயில் விட்டார்கள். ராச்செஸ்டரில் ஈரி கால்வாயின் பழைய படுகையில் 1927 முதல் 1956 வரை சுரங்க ரயில் ஓடியது. சென்னையில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியும், பல இடங்களில் அதன் உள்ளேயே தூண் நட்டும் பறக்கும் ரயில் போகிறது. இப்படிப்பட்ட இடங்களில் தடம் தெளிவாகக் கிடைக்கும், கட்டுமானம் மட்டும் கிடைக்காது. ஆனால் ரயில் நேராகப் போக விரும்பும். கால்வாய் சுற்றி வளைந்து போன இடங்களில் ரயில் அதை விட்டு விலகியிருக்கும். அந்த விலகிய வளைவுகளில்தான் தேட வேண்டும். குரோய்டன் கால்வாயின் சின்னத் துண்டு ஒன்று ஆனர்லியில் பெட்ஸ் பூங்காவுக்குள் தண்ணீரோடு இன்னும் இருப்பது அப்படித் தப்பியதுதான்.

ரோடாக மாறியவை வேறு ரகம். அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரின் ஈரி புலவார்டும், 1928-இல் திறந்த சின்சினாட்டியின் சென்ட்ரல் பார்க்வேயும் கால்வாயை மூடிப் போட்ட சாலைகள். சுற்றியுள்ள தெருக்களோடு ஒப்பிட்டால் தேவைக்கு மீறிய அகலம் தெரியும். இருபுறமும் பழைய கிடங்குகள் ரோட்டைப் பார்த்துச் சரக்குக் கதவுகளோடு நிற்கும்.

வயல்வெளியில் சும்மா கைவிடப்பட்ட கால்வாய்கள்தான் தேடுபவருக்குக் கிடைக்கும் புதையல். யாரும் இடிக்க மெனக்கெடாததால் கல் கலையாமல் அப்படியே இருக்கும். வேலி முளைத்து மறைத்திருக்கும், அவ்வளவுதான்.

முதல் வேலை: பழைய வரைபடங்கள்

கால்வாய் ஓடிக்கொண்டிருந்தபோது போட்ட வரைபடம், மூடிய பிறகு போட்டது, இன்றையது என்று மூன்று தலைமுறை வேண்டும். பிரிட்டனில் தேடுபவர்களுக்கு இது எளிது. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் தன் இணையதளத்தில் ஆர்டனன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை அமைப்பின் பழைய வரைபடங்களை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தியே இலவசமாகத் தருகிறது. மைலுக்கு 6 அங்குலம் என்ற அளவில் தடத்தைப் பிடிக்கலாம். 25 அங்குல அளவில் ஒவ்வொரு லாக்கும், பாலமும், மைல்கல்லும்கூடக் குறித்திருப்பார்கள்.

பொருத்திய வரைபடம் கிடைக்காத நாடுகளில் நீங்களே பொருத்த வேண்டும். கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் ஸ்கேன் செய்த வரைபடத்தை ஏற்றி, அன்றும் இன்றும் நகராத புள்ளிகளை இணையுங்கள். கோயில் அல்லது தேவாலயக் கோபுரம், பழைய ஆற்றுப்பாலம், தெருச் சந்திப்பு இதெல்லாம் நம்பலாம். ஆற்றின் வளைவை மட்டும் நம்பாதீர்கள், ஆறு நகரும். நான்கு புள்ளிகள் போதும் என்பார்கள். நான் எட்டுக்குக் குறைந்து வைப்பதில்லை. அதுவும் எல்லாம் ஒரே மூலையில் குவியாமல் நான்கு பக்கமும் பரவியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் கால்வாய் 50 மீட்டர் தள்ளி விழுந்து, தவறான வயலில் போய் நிற்பீர்கள்.

மூடிய பிறகு வந்த வரைபடத்தில் கால்வாயைத் தேடாதீர்கள், சொத்து எல்லைகளைத் தேடுங்கள். கால்வாய் போனாலும் அதன் நிலம் ஒரு நீண்ட, வளைந்த, குறுகிய துண்டாக எல்லைக்கோட்டில் தங்கிவிடும். நேர்நேராக வீடு கட்டிய தெருவில் நான்கு வீடுகளின் பின்சுவர் மட்டும் ஏன் வளைந்து போகிறது என்று கேட்டால், பதில் பெரும்பாலும் இதுதான்.

அப்புறம் காகிதங்கள்

கால்வாய் வெட்டச் சட்டம் வேண்டும், சட்டத்துக்கு வரைபடம் வேண்டும். பிரிட்டனில் 1790-களிலிருந்து கால்வாய்த் திட்டங்களின் வரைபடத்தையும், யார் யார் நிலத்தின் வழியாகப் போகிறது என்ற பட்டியலையும் மாவட்ட அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதி வந்தது. அவை இப்போது மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. ஆனால் ஒரு எச்சரிக்கை: அது திட்டம், கட்டியதன் சான்று கிடையாது. பணம் தீர்ந்து பாதியில் நின்றவை, வழியை மாற்றியவை, ஒரு மண்வெட்டிகூடப் படாதவை என்று பல உண்டு. காகிதத்தில் இருக்கும் கோட்டை நம்பி நடக்கும் முன், செயல்பட்ட கால்வாய் என்பதற்கு வேறு ஒரு ஆதாரமாவது வேண்டும். செய்தித்தாளில் வந்த சுங்கக் கட்டண அறிவிப்போ, படகுத்துறை ஏல விளம்பரமோ போதும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கால்வாய்க் கம்பெனிகளின் பதிவேடுகள் ரயில்வே தலைப்பின் கீழேதான் இருக்கின்றன. கால்வாய்களை ரயில்வே வாங்கியபோது காகிதங்களும் சேர்ந்தே போயின.

மட்டத்தைப் பிடியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. விமானத்திலிருந்து லேசர் கதிர்களைத் தரையை நோக்கி அனுப்பி உயரத்தை அளக்கும் லைடார் தரவு, இலைகளின் இடைவெளி வழியே தரையைத் தொட்டுவிடுகிறது. மரத்தையும் கட்டடத்தையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால் வெறும் தரை மட்டும் மிஞ்சும். இங்கிலாந்தில் சுற்றுச்சூழல் முகமையும், அமெரிக்காவில் புவியியல் ஆய்வு நிறுவனமும் இதை இலவசமாகத் தருகின்றன.

கியூஜிஐஎஸ்-இல் இதற்கு நிழல் கொடுத்துப் பார்க்கும்போது வெளிச்சத்தின் திசையை மாற்றி மாற்றிப் பாருங்கள். வடமேற்கிலிருந்து ஒளி விழுந்தால், வடமேற்கு தென்கிழக்காக ஓடும் பள்ளம் நிழலே விழாமல் மறைந்துவிடும். ஒரே திசையில் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று மூடிவைத்தவர்கள் உண்டு. நான்கு திசையிலும் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

இப்போது கணக்கு. நிச்சயமாகத் தெரிந்த ஒரு புள்ளியை எடுங்கள், ஒரு பழைய பாலம் என்று வைத்துக்கொள்வோம். அதன் அடியில் படுகை கடல்மட்டத்திலிருந்து 84 மீட்டர் என்றால், அங்கிருந்து 84 மீட்டர் சம உயரக் கோட்டைப் பின்தொடருங்கள். கால்வாயும் ஏறத்தாழ அந்தக் கோட்டில்தான் போயிருக்கும், அடுத்த லாக் வரும்வரை. ஜேம்ஸ் பிரிண்ட்லி போன்ற ஆரம்பகாலப் பொறியாளர்கள் மண் வேலையைக் குறைக்க மலையடிவாரத்தை அப்படியே சுற்றி வளைத்தார்கள். ஆக்ஸ்போர்டு கால்வாயின் வடபகுதி அத்தனை வளைந்து கிடந்ததால் 1830-களில் அதை நேராக்கினார்கள். பழைய வளைவுகள் அங்கங்கே வெட்டுப்பட்டு வயலுக்குள் அநாதையாகக் கிடக்கின்றன. அவற்றின் வாயில்களின் மேல் வார்ப்பிரும்புப் பாலங்கள் இன்றும் நிற்கின்றன.

இரண்டு நிச்சயமான புள்ளிகளுக்கு இடையே உயரம் 12 மீட்டர் வேறுபடுகிறது என்று வையுங்கள். ஒரு லாக் ஏறக்குறைய இரண்டரை மீட்டர் ஏற்றும். அப்படியானால் நடுவில் ஐந்து லாக் இருந்திருக்க வேண்டும். மூன்றுதான் கண்டுபிடித்தீர்கள் என்றால் இன்னும் இரண்டு மண்ணுக்குள் இருக்கின்றன.

ஒரே கால்வாய்க்கு இரண்டு தலைமுறைத் தடம் இருப்பதும் உண்டு. 1825-இல் திறந்த ஈரி கால்வாய் 363 மைல் நீளம், மேலே 40 அடி அகலம், 4 அடி ஆழம்தான். 1836 முதல் 1862 வரை அதை 70 அடி அகலமும் 7 அடி ஆழமுமாகப் பெரிதாக்கியபோது பல இடங்களில் வழியே மாறியது. ஸ்கோஹாரி ஆற்றைக் கடக்கும் இடத்தில் இரண்டு தலைமுறையின் மிச்சங்களும் அருகருகே இருக்கின்றன. லைடாரில் இரண்டு இணைகோடுகள் தெரிந்தால் குழம்பாமல் அகலத்தை அளந்து பாருங்கள்.

பெயர்கள்

படகுத்துறைத் தெரு, லாக் சந்து, கால்வாய் வீதி என்ற பெயர்களைத் தேடுங்கள். பிரிட்டனில் தண்ணீரே இல்லாத இடத்தில் நாவிகேஷன் என்று ஒரு மதுக்கடை இருந்தால் வண்டியை நிறுத்துங்கள். சின்சினாட்டியில் ஒரு பேட்டைக்கே ஓவர் த ரைன் என்று பெயர். அங்கே குடியேறிய ஜெர்மானியர்கள் நடுவில் ஓடிய கால்வாயைத் தங்கள் ரைன் நதியாகச் சொன்னதால் வந்தது. கால்வாய் போய் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன, பெயர் போகவில்லை. ஆனால் பெயரை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. நியூயார்க்கின் கெனால் தெரு ஒரு குளத்தின் நீரை வடிக்க வெட்டிய வடிகாலின் பெயர், அங்கே நிலக்கரிப் படகு போகவில்லை.

நேரில் நடப்பது

காலம் முக்கியம். இலையுதிர்ந்து, செடி படுத்து, சூரியன் சாய்வாக அடிக்கும் மாதங்களே சிறந்தவை. காலையிலோ மாலையிலோ போனால் அரை அடிப் பள்ளம்கூட நிழல் காட்டும். பெருமழைக்கு மறுநாள் இன்னும் நல்லது. சுற்றிலும் தண்ணீர் வடிந்த பிறகும் பழைய படுகையில் மட்டும் நீளமாகத் தேங்கி நிற்கும்.

ஏன் தேங்குகிறது? படுகையின் அடியிலும் பக்கத்திலும் களிமண் இருக்கிறது. களிமண்ணைத் தண்ணீர் விட்டு, கட்டியே இல்லாமல் மிதித்துக் குழைத்து, ஏறக்குறைய 3 அடி கனத்துக்கு அடுக்கடுக்காகப் பூசினார்கள். சில இடங்களில் மாடுகளை ஓட்டி மிதிக்க வைத்தார்கள். அந்தக் களிமண் இன்னும் உள்ளே இருக்கிறது. அதைப் பார்க்க நீங்கள் தோண்ட வேண்டாம், தோண்டவும் கூடாது. முயலோ, அகழெலியோ வளை பறித்து வெளியே தள்ளிய மண்ணைப் பாருங்கள். சுற்று வயலில் பழுப்பு மண், இந்தக் கோட்டில் மட்டும் பசை போன்ற சாம்பல் களிமண் என்றால், விரலில் எடுத்து உருட்டிப் பாருங்கள். உடையாமல் நூல் மாதிரி நீளும். வரைபடத்தில் வெறும் கோடாக இருந்தது கைக்குள் வந்துவிட்ட உணர்வு அது.

நாணல், கோரை, மஞ்சள் ஐரிஸ் பூ இவை ஒரு கோடாக வளர்ந்திருந்தாலும் அடியில் ஈரம் நிற்கிறது என்று அர்த்தம்.

பாலங்களை நிதானமாகப் பாருங்கள். சமதளத்தில் போகும் சின்ன ரோடு காரணமே இல்லாமல் ஒரு திமில் போல ஏறி இறங்கினால் அடியில் படகு போயிருக்கிறது. இறங்கி, கைப்பிடிச் சுவருக்கு வெளியே எட்டிப் பாருங்கள். முழு வளைவும் தெரியாது. வளைவின் உச்சி மட்டும் மண்ணுக்கு மேலே ஒரு புருவம் போலத் தெரியும், மீதி கீழே புதைந்திருக்கிறது. வளைவு ஓரளவு வெளியே இருந்தால் அதன் மூலைக் கற்களைத் தடவுங்கள். விரல் அகலத்தில் வழுவழுவென்று பள்ளங்கள் ஓடும். சில ஒன்றின் மேல் ஒன்றாக நான்கைந்து இருக்கும், சில விரலின் முதல் கணுவரை உள்ளே இறங்கும். நனைந்த கயிறு, அதில் ஒட்டிய மணல், பல்லாயிரம் தடவை உரசிய உரசல், கல்லே தேய்ந்திருக்கிறது. கயிறு கல்லை அறுக்காமலிருக்க மூலையில் இரும்புத் தகடு பதித்த பாலங்களும் உண்டு, அந்த இரும்பிலும் பள்ளம் விழுந்திருக்கும். இந்தப் பள்ளங்கள் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் குதிரை நடந்தது. குதிரைப் பாதை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மாறும் இடத்தில், கயிற்றை அவிழ்க்காமலே குதிரை பாலம் ஏறிச் சுற்றி அடியில் வரும்படி வளைத்துக் கட்டியிருப்பார்கள். மேக்கிள்ஸ்ஃபீல்டு கால்வாயில் இவற்றைப் பாம்புப் பாலம் என்கிறார்கள்.

லாக் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு இணைச் சுவர்களைத் தேடுங்கள். இங்கிலாந்தின் குறுகிய கால்வாய்களில் இடைவெளி ஏறக்குறைய 7 அடி, அகலமானவற்றில் 14 அடி, நீளம் சுமார் 72 அடி. சுவரின் முனையில் கல்லை அரைவட்டமாகக் குடைந்த ஒரு குழிவு மேலிருந்து கீழ்வரை ஓடினால் சந்தேகமே வேண்டாம், கதவின் குடுமி நின்று சுழன்ற இடம் அது. மேல்வரிசைக் கற்களை இரும்புப் பட்டியால் பிணைத்து ஈயம் ஊற்றிய தடமும் இருக்கும். பக்கத்தில் லாக் காவலரின் வீடு இருக்கலாம். ரோட்டுக்கு முதுகைக் காட்டி, வெறும் வயலைப் பார்த்தபடி ஒரு பழைய வீடு நின்றால் அது ஒரு காலத்தில் தண்ணீரைப் பார்த்து நின்றது.

சாமர்செட் நிலக்கரிக் கால்வாயில் கூம் ஹே என்ற இடத்தில் 22 லாக்குகள் ஒரே சரிவில் அடுக்கடுக்காக இறங்குகின்றன. இப்போது மரம் அடர்ந்து கிடக்கிறது. அந்தக் கால்வாய்க்கு நிலம் அளந்த வில்லியம் ஸ்மித், வெட்டிய மண்ணில் பாறை அடுக்குகள் ஒரே வரிசையில் வருவதையும், ஒவ்வொரு அடுக்குக்கும் தனித் தொல்லுயிர் எச்சங்கள் இருப்பதையும் கவனித்தார். அதன் தொடர்ச்சியாக 1815-இல் அவர் வெளியிட்டதுதான் இங்கிலாந்து, வேல்ஸின் புகழ்பெற்ற நிலவியல் வரைபடம். ஒரு கால்வாய்ப் பள்ளத்தில் நிற்கும்போது இதெல்லாம் நினைவுக்கு வராமல் இருக்காது.

ஏமாற்றும் தடங்கள்

ஆலைச் சக்கரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோன வாய்க்கால்தான் அதிகம் ஏமாற்றும். ஒருமுறை இரண்டு வார இறுதிகளை முழுக்க அப்படி ஒன்றின் பின்னால் செலவழித்தேன். மட்டம் எடுத்துப் பார்த்தபோதுதான் அது தொடர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது தெரிந்தது. கால்வாய் அப்படி இறங்காது. கைவிட்ட ரயில் பாதையும் இதே மாதிரிதான், சீரான சரிவில் ஏறும், படி இருக்காது. நடுவில் ஆணித் துளையோடு கற்கள் வரிசையாகப் புதைந்திருந்தால் அது குதிரை இழுத்த பழைய டிராம் பாதை. அதைத் தள்ளிவிடாதீர்கள். சுரங்கத்திலிருந்து படகுத்துறைக்குச் சரக்கு கொண்டுவரப் போட்டதாக இருக்கலாம், பின்தொடர்ந்தால் கால்வாயில் கொண்டுபோய் விடும்.

அனுமதியும் பாதுகாப்பும்

நில உரிமையாளரைக் கேட்காமல் வேலி தாண்ட வேண்டாம். கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள், கூடவே வரைபடத்தில் இல்லாத கதையும் சொல்வார்கள். தூர்ந்த லாக்குக்குள் கால் வைக்காதீர்கள். மேலே பச்சைப்பசேல் என்று புல் தரை போலத் தெரிந்தாலும் அடியில் ஆள் உயரத்துக்கு மேல் சேறு இருக்கும். கால்வாய்ச் சுரங்கத்துக்குள் போகவே கூடாது. இங்கிலாந்தில் 1789-இல் திறந்த சாப்பர்டன் சுரங்கம் ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர் நீளம். படகோட்டிகள் மல்லாந்து படுத்துச் சுவரைக் காலால் உதைத்து உதைத்துப் படகைத் தள்ளிக் கடந்த இடம் அது. இன்று உள்ளே இடிந்து அடைத்திருக்கிறது. இப்படிப்பட்ட சுரங்கங்களின் வாயிலை வெளியே நின்று பார்த்தால் போதும். கல்லையோ இரும்பையோ எடுத்து வராதீர்கள். இடத்தை விட்டு நகர்ந்த பொருள் எந்த மட்டத்தில் இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

பதிவு செய்தல்

ஒவ்வொரு மிச்சத்துக்கும் மூன்று படம் எடுங்கள்: தூரத்திலிருந்து ஒன்று, அளவுகோல் வைத்து ஒன்று, எந்தப் பக்கம் நோக்கி எடுத்தது என்று தெரியும்படி ஒன்று. ஜிபிஎஸ் இடக்குறிப்பு, தேதி, நின்ற மட்டம் இவற்றை அன்றே எழுதிவிடுங்கள். போனில் வரும் உயர அளவை நம்ப வேண்டாம், பல மீட்டர் தவறும். இடக்குறிப்பை மட்டும் போனில் எடுத்து, உயரத்தை லைடாரிலிருந்து பார்த்து எழுதுங்கள். கண்ணால் பார்த்தது, வரைபடத்தில் பார்த்தது, ஊகித்தது மூன்றுக்கும் மூன்று நிறக் கோடு போடுங்கள். ஊகத்துக்கு நான் புள்ளிக்கோடு போடுகிறேன். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் அதில் சில புள்ளிகள் முழுக்கோடாக மாறும், சில அழியும். அழிந்த இடத்தில் அதே மட்டத்தை எடுத்துக்கொண்டு மலையின் அடுத்த பக்கம் தேடுங்கள்.